யுசு கொஷோ ஊறுகாய் இல்லை, நித்யா

அன்புள்ள நித்யா,

ஜப்பானின் ஃபுகுவோகாவில் வாங்கிய அந்தச் சின்ன யுசு கொஷோ பாட்டிலைத் திறந்து தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டாயாம். "வாசனை அபாரம் அக்கா, ஆனா ஒரே உப்பு" என்று எழுதியிருந்தாய். பாட்டில் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் தூங்குகிறதாம். எடுத்து வெளியே வை. பாட்டிலில் குறையில்லை. பார்த்தால் நம்ம ஊறுகாய் விழுது மாதிரியே இருப்பதால் நீ அதை ஊறுகாயாக எடுத்துக்கொண்டாய். அது உப்பு. யுசு என்கிற எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் மணமும் பச்சைமிளகாய்க் காரமும் ஏற்றிய உப்பு. சமையலில் உப்பு போடும் இடத்தில் அதைப் போடு, ஊறுகாய் வைக்கும் இடத்தில் வைக்காதே.

முதலில் பாட்டிலைத் திருப்பிப் பார். சத்து அட்டவணையின் கடைசி வரி பெரும்பாலும் 'ஷொகுஎன் சோதோர்யோ', அதாவது உப்பின் அளவு. 100 கிராமுக்கு 20 கிராம் என்று போட்டிருந்தால், தலைதட்டிய ஒரு டீஸ்பூனில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் உப்பு இருக்கிறது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது நிறைய மாறும்; பாட்டிலை மாற்றினால் அளவையும் மாற்ற வேண்டும். அடுத்து, சேர்மானப் பட்டியல். ஜப்பானில் எடை அதிகமானதை முதலில் எழுதுவார்கள். யுசு முதலில் இருந்தால் மணம் தூக்கல், மிளகாய் முதலில் இருந்தால் காரம் தூக்கல். யுசுத் தோல், மிளகாய், உப்பு என்று மூன்றே பெயர் இருந்தால் நல்ல பாட்டில். ட்யூபில் வருபவற்றில் மணமூட்டியும் பசையாக்கியும் சேர்ந்திருப்பது உண்டு. அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானின் மற்ற பகுதிகளில் 'கொஷோ' என்றால் மிளகு. அதனால் பாட்டிலில் மிளகைத் தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு. ஃபுகுவோகா இருக்கும் க்யூஷு தீவின் பேச்சுவழக்கில் மிளகாய்க்கும் அதே பெயர்தான். நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து 'மிளகாய்' என்று சொன்னவர்கள்தானே நாமும். உள்ளூர்க்காரர்கள் வாயில் 'யுசு கொஷோ'வின் ககரம், 'தங்கம்' என்பதில் வரும் ககரம்போல மெலிந்து ஒலிப்பதையும் கேட்டிருப்பாய். ஓயிதா மாநிலத்தின் ஹிதாவும் உன் ஃபுகுவோகாவின் சோயெதாவும் "எங்கள் ஊரில் பிறந்தது" என்று ஆளுக்கொரு பக்கம் உரிமை கொண்டாடுகின்றன. அந்த வழக்கில் நீ சாட்சி சொல்லப் போகாதே.

இப்போது சமையல். யுசுவின் மணம் தோலில் உள்ள எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. சூடு பட்டால் அந்த எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். உப்பும் காரமும் போகாது. கொதிக்கும் குழம்பில் ஒரு ஸ்பூன் கரைத்துவிட்டு "வாசனையே இல்லையே" என்று இன்னொரு ஸ்பூன் போட்டால் கிடைப்பது உப்பும் காரமும் மட்டுமே. பலரும் வழுக்கி விழும் இடம் இது. அடுப்பை அணைத்த பிறகு போடு. அதைவிட நல்லது, தட்டுக்கு வந்த பிறகு போடுவது.

ஃபுகுவோகாவின் ஹகதா பகுதிக் கோழிச் சட்டிச் சமையலான மிசுதாகியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கோழியைத் தண்ணீரில் வேகவைத்த அந்தச் சட்டிக்குள் யாரும் யுசு கொஷோவைக் கரைப்பதில்லை. அவரவர் கிண்ணத்தில் பொன்சு (புளிப்புப் பழச்சாறு கலந்த சோயா சாஸ்), அதன் விளிம்பில் கொண்டைக்கடலை அளவு விழுது. கோழித்துண்டை அதில் லேசாக உரசி வாயில் போடுவார்கள். உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸைச் சூப்போடு சாப்பிடும்போதும் அப்படித்தான்: சூப் முழுவதிலும் கலக்காமல் ஓரத்தில் வைத்து, பாதிக்கு மேல் சாப்பிட்டபின் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள். முதல் பாதியில் சூப்பின் சொந்த ருசி, பின்பாதியில் வேறொரு சூப்.

யாகிதோரி, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட கோழி, வாங்கினால் இனிப்பான 'தாரே' தடவியதை விட்டுவிட்டு 'ஷியோ', அதாவது உப்பு மட்டும் போட்டுச் சுட்டதைக் கேள். தாரேயின் சர்க்கரையும் சோயாவும் யுசுவை அமுக்கிவிடும். வெள்ளைச் சதையுள்ள மீனின் சாஷிமிக்கு (வேகவைக்காத மீன் துண்டு), துண்டின் மேல் மிளகளவு விழுது, சோயா ஓரிரு துளி போதும். சோயா கிண்ணத்தில் வாசாபியைக் கரைப்பதுபோல் இதைக் கரைத்தால் உப்பு இரட்டிப்பாகும்.

கராகே, அதாவது ஜப்பானியப் பொரித்த கோழி, செய்ய வேண்டுமா? எலும்பில்லாத கோழித்தொடை 300 கிராமுக்கு ஒன்றரை டீஸ்பூன் விழுது, ஒரு டேபிள்ஸ்பூன் சாகே (அரிசி மது), ஒரு பல் பூண்டு துருவல். வேறு உப்பும் வேண்டாம், சோயாவும் வேண்டாம். அரை மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுக்க விட்டால் உப்பு நீரை இழுத்து, கறி ஹாம் போல இறுகிவிடும். உருளைக்கிழங்கு மாவில் புரட்டிப் பொரி. எண்ணெய்ச் சூட்டில் மணத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதால், இரண்டு டேபிள்ஸ்பூன் மயோனைசில் அரை டீஸ்பூன் விழுதைக் கலந்து பக்கத்தில் வை.

ஸ்பகெட்டிக்கு நீ வழக்கமாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்புப் போடுவாய். இதற்கு 6 கிராம் போதும். ஒருவருக்கு 100 கிராம். வேறு வாணலியில் 10 கிராம் வெண்ணெயில் ஷிமேஜி காளானை வதக்கி, பாஸ்தா வெந்த நீர் இரண்டு கரண்டி விட்டு, பாஸ்தாவைப் புரட்டு. அடுப்பை அணை. அதன் பிறகு அரை டீஸ்பூன் விழுதை இன்னொரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கிளறு. நேராகப் போட்டால் ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் கண்ணீர் வரும்படியும் இருக்கும், ஏனென்றால் இந்த விழுது எண்ணெயிலும் வெண்ணெயிலும் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும். சாலட் டிரெஸ்ஸிங்கிலும் இதே கதைதான்: அரை டீஸ்பூன் விழுதை முதலில் இரண்டு டீஸ்பூன் வினிகரில் கரை, பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயை விட்டு அடி.

டோஃபு, வெள்ளரிக்காய், அவகாடோ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. உப்புக்கு மேல் உப்பு.

உன் தயிர்சாதத்துக்கும் வழி இருக்கிறது. ஒரு கப் சாதத்துக்கு நீ போடும் உப்பில் பாதியைக் குறை. அரை டீஸ்பூன் பச்சை யுசு கொஷோவைத் தயிரில் கரைத்துப் பிசை. தாளிக்காதே. குறிப்பாகப் பெருங்காயம் வேண்டாம். அது வந்தால் யுசு எழுந்து போய்விடும்.

பச்சை, சிவப்பு என்று இரண்டு வகை பார்த்திருப்பாய். முற்றாத பச்சை யுசுவும் பச்சைமிளகாயும் சேர்ந்தது பச்சை, கூர்மையான மணம். பழுத்து மஞ்சளான யுசுவும் பழுத்த மிளகாயும் சேர்ந்தது சிவப்பு. மணம் தணிந்து, உருண்டையான ருசி. மீன், கோழி, உதோனுக்குப் பச்சை. பன்றி, மாடு, கொழுப்புள்ள சட்டிச் சமையலுக்குச் சிவப்பு என்பது என் கட்சி. நீகாதாவின் 'கன்சுரி' என்று ஒரு சிவப்பு விழுது கடையில் பக்கத்திலேயே இருக்கும். அது பனியில் பரப்பிய மிளகாயை கோஜி என்ற பூஞ்சை ஏற்றிய அரிசியோடு ஆண்டுக்கணக்கில் புளிக்கவைப்பது. யுசு அதிலும் உண்டு, ஆனாலும் வேறு சாமான்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சாலையோர 'மிச்சி நோ எகி' சந்தைகளில் பச்சை யுசு வரும். அப்போது வீட்டிலேயே செய்துவிடு. பழத்தை நிறுத்துக் கணக்குப் போடாதே, துருவிய தோலை நிறு. தோல் 100 கிராம், காம்பும் விதையும் நீக்கிய பச்சைமிளகாய் 100 கிராம், இரண்டும் சேர்ந்த எடையில் 20 சதவீதம் உப்பு, அதாவது 40 கிராம். மணம் கூடுதலாக வேண்டுமென்றால் மிளகாயை 50 ஆக்கி உப்பை 30 ஆக்கு. உப்பைக் குறைக்க ஆசை வரும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஃப்ரிட்ஜிலும் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறாய்.

பழத்தைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடை. மெல்லிய துருவியில் பச்சை மட்டும் வரும்படி துருவு. ஒரே இடத்தில் இரண்டு முறை இழுக்காமல் பழத்தைத் திருப்பிக்கொண்டே போ. வெள்ளைத் தோல் இறங்கினால் கசப்பு, அதை எதனாலும் பிறகு எடுக்க முடியாது. மிளகாய்க்குக் கட்டாயம் கையுறை போடு, ஜன்னலைத் திற. பொடியாக நறுக்கி, உப்புச் சேர்த்து, சுரிபாச்சியில் அரை. உள்ளே கோடு கோடாகக் கீறிய அந்த மண்சட்டி இதற்கு அம்மி மாதிரி வேலை செய்யும். மிக்சிதான் இருக்கிறது என்றால் விட்டு விட்டு ஓட்டு. நிறுத்தாமல் ஓட்டினால் விழுது சூடாகி, அடுப்பில் போகும் மணம் இங்கேயே போய்விடும். மிளகாய் நைந்த பிறகே தோலைச் சேர். இறுக்கமாக இருந்தால் யுசுச் சாறு ஒரு டீஸ்பூன் விடு, தண்ணீர் விடாதே.

கொதிநீரில் போட்டெடுத்து உலர்த்திய சின்னச் சின்னப் பாட்டில்களில் காற்றிடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்பு. ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் உப்பின் முரட்டுத்தனம் அடங்கும். ஒரு மாதத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரு பாட்டிலை மட்டும் கீழே ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஃப்ரீசரில் வை. இவ்வளவு உப்பிருப்பதால் கல்லாக உறையாது, ஸ்பூனால் சுரண்டி எடுக்கலாம். பச்சை நிறம் பழுப்பானால் கெட்டுவிட்டது என்று கொட்டாதே. காற்றுப் பட்டு நிறம் மங்கியிருக்கிறது, மணமும் சற்று இறங்கியிருக்கும். பூஞ்சை பூத்திருந்தால் மட்டும் கொட்டு.

யுசு கிடைக்காத வாரத்தில் ஓயிதாவின் கபோசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலில் இதே அளவில் செய்யலாம். நன்றாகவே வரும், பெயர்தான் கபோசு கொஷோ. தொட்டியில் யுசு விதை போட்டு வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாயே? பீச், கஷ்கொட்டை மூன்று வருஷம், காகிப்பழம் எட்டு வருஷம் என்று தொடங்கும் ஜப்பானியப் பழமொழியை நீட்டிச் சொல்பவர்கள், "மகா மக்கு யுசுவுக்குப் பதினெட்டு" என்று முடிப்பதுண்டு. ஒட்டுக்கன்று வாங்கு, சில வருஷத்தில் காய்க்கும். முள் இருக்கிறது, பால்கனியில் துணி காயப்போடும் பக்கம் வைக்காதே.

அன்புடன்,
அக்கா