துன்பங்களோடேகூட நூறத்தனை

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். இங்கே எல்லாரும் சுகம். உன் மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆன செய்தி கேட்டு மகிழ்ந்தோம். குழந்தைக்கு உன் மூக்கு வாய்க்கவில்லை என்பதில் எங்கள் வீட்டில் இரட்டை மகிழ்ச்சி.

ஆர்மோனியம் அண்ணனின் மூத்த மகன் வங்கி வேலையை விட்டுவிட்டு, ஜார்க்கண்டில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான மிஷன் பள்ளி ஒன்றுக்கு ஆசிரியராகப் போகிறான். அண்ணன் வாய் திறக்கவில்லை. அக்காவோ சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மிஷனரிகளுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிக்கிற நம் சபையார், ஆராதனை முடிந்ததும் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, "எவ்வளவு ஆசீர்வாதமான பிள்ளை, இப்படிப் பண்ணிவிட்டானே!" என்று துக்கம் விசாரிப்பதுபோல் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊரார் பிள்ளை போனால் அர்ப்பணிப்பு, நம் பிள்ளை போனால் இழப்பு என்று எப்போதிலிருந்து ஆனது?

ஆசீர்வாதத்தைத் தேடுவதில் என்ன தவறு என்று போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய். தவறில்லை. பனையேறிப் பிழைத்த குடும்பங்களில் பிறந்த நாம் பள்ளிக்கூடம் கண்டதும், ஆஸ்பத்திரி கண்டதும், தலை நிமிர்ந்து நடந்ததும் சுவிசேஷத்தோடு வந்த ஆசீர்வாதங்கள்தாம்; அவற்றை இழிவாகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? விசுவாசத்தின் நிமித்தம் சொந்த ஊரில் குடியிருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்குப் புகலிடமாகத்தான் 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உருவானது. கேம்பிரிட்ஜில் படித்த ஆங்கில மிஷனரி ராக்லாண்டு வடதிருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சுற்றி, 1858இல் சிவகாசியிலேயே உயிர்விட்டார். அவர்கள் நட்ட மரத்தின் நிழலில் இருந்துகொண்டு, நிழலே விசுவாசம் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

புத்தாண்டு இரவில் அந்த வருஷத்துக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் எரேமியா 29:11 வந்துவிட்டால் எவ்வளவு சந்தோஷப்படுகிறோம்! "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரி. அதற்கு முந்தின வசனமோ எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்கவே முடியாது. மாற்கு 10:30ம் அப்படித்தான். ஆண்டவருக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டவன் நூறத்தனையாக, அதாவது நூறு மடங்காக, அடைவான் என்று பிரசங்கம் செய்கிறார்கள். "துன்பங்களோடேகூட" என்று ஆண்டவர் அதே மூச்சில் சொன்னதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். அதை நீக்கிவிட்டால் அது வாக்குத்தத்தம் அல்ல, வட்டிக்கணக்கு. காணிக்கையைக்கூட இப்போது விதைப்பு, அறுப்பு என்று லாபம் பார்த்தே போடச் சொல்லுகிறார்கள். சிலுவையில் தம்மைக் கொடுத்தவரை இந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

உன் ஆச்சியின் அடுக்களையை நினைத்துப் பார். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, காணிக்கைக்கென்று மூலையிலிருந்த மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். அந்தப் பிடி மிச்சத்திலிருந்து எடுத்ததன்று. அன்றைக்குக் கஞ்சி ஒரு கரண்டி குறையும், அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 1903இல், பிற்காலத்தில் பிஷப்பான அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்களே, அந்த ஊழியத்தைத் தாங்கியதில் இப்படிப்பட்ட ஏழைச் சபைகளின் காணிக்கைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆச்சிமார் அதற்குப் பிரதிபலன் கேட்டதாக நான் அறியேன். கொடுக்க முடிந்ததையே ஆசீர்வாதம் என்றுதான் அவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

இதனால் பாடுகளைத் தேடிப் போக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பிறர் தலையில் தியாகத்தைச் சுமத்தி, நாம் கைதட்டிப் பாடுவது பாவம். பையன் போகிறான், அக்காவின் சர்க்கரை நோயை யார் கவனிப்பது, தங்கையின் கல்யாணச் செலவுக்கு யார் கைகொடுப்பது? அவன் விட்டுவிட்டுப் போகிற பாரத்தில் சபை ஒரு பங்கைச் சுமக்காவிட்டால், வழியனுப்பு ஆராதனையில் நாம் போடும் சால்வைக்கு ஒரு மதிப்பும் இல்லை. இதைக் கமிட்டியில் கேட்கப்போகிறேன். சண்டை வந்தாலும் வரட்டும்.

உன் வார்த்தைக்கு அக்கா எப்போதுமே இறங்குவார்கள். போனில் கூப்பிட்டுப் பேசு. வசனம் எதுவும் சொல்லாதே, அதை எல்லாரும் சொல்லியாகிவிட்டது. மாதாமாதம் மருந்துச் செலவை நாம் இருவரும் ஏற்பதாக இருந்தால், அதை மட்டும் சொல். உன் பதில் கிடைத்ததும் அண்ணனிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்