ஒரே வரி பதில் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், அணுவைவிடச் சிறிய துகள்கள் ஒளியை முந்துமா என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். "முடியாது, ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆசையாகக் கேட்கிற பிள்ளைக்கு இது போதாது.

நான் மும்பை டிராம்பேயிலுள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவன். அங்கிருந்த அப்சரா அணு உலையை மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், தொட்டித் தண்ணீருக்கு அடியில் எரிபொருளைச் சுற்றி அடர்நீலமாக ஒரு வெளிச்சம் தெரியும். அங்கே எலெக்ட்ரான்கள் ஒளியை முந்திக்கொண்டு ஓடுகின்றன! வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ.; தண்ணீரில் சுமார் 2.25 லட்சம்தான். அந்த வேகத்தை எலெக்ட்ரான் தாண்டும்போது பிறப்பதுதான் செரன்கோவ் கதிர்வீச்சு. இதற்கு 1958-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

வெற்றிடத்தில் கதை வேறு. நிறையுள்ள துகளை அந்த 3 லட்சத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் பற்றாது.

சரி, யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா? 2011-ல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்துக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் (எதையும் ஊடுருவிச் செல்லும், மிகமிகச் சிறிய நிறையுள்ள துகள்கள்), ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) முந்தி வந்ததாக, அவற்றை அங்கே அளந்த ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. தங்களாலேயே நம்ப முடியாமல், மற்றவர்களும் சரிபார்க்கட்டும் என்றுதான் வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். மறுவருடம் பார்த்தால், நேரத்தைத் தப்பாக அளந்துவிட்டார்கள்; ஒரு ஃபைபர் கேபிள் சரியாகப் பொருந்தாததே முக்கியக் காரணம்.

அதற்கு முன்பே வானத்தில் ஒரு சாட்சி இருந்தது. 1987-ல் சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. அந்த வெடிப்பிலிருந்தும் நியூட்ரினோக்கள் வந்தன; ஓபரா சொன்ன வேகம் அவற்றுக்கும் இருந்திருந்தால், ஒளிக்கு நாலு வருடம் முன்பே வந்திருக்கும். வந்ததோ சில மணி நேரம் முன்னால். அதுவும் வெடிப்பின் ஒளி நட்சத்திரத்தைப் பிளந்து வெளியே வரத் தாமதமானதால்.

அப்புறம், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, எங்கள் மும்பையின் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஈ.சி.ஜி. சுதர்சன் 1962-ல் சகாக்களோடு சேர்ந்து, பிறக்கும்போதே ஒளியைவிட வேகமான துகள்கள் இருக்கலாமே என்று எழுதினார். பின்னாளில் அவற்றுக்கு டேக்கியான் என்று பெயர் வந்தது. இன்றுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனாலும் அந்த மாணவர் சுதர்சனைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அடுத்த இதழில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், செம்பூர், மும்பை