எட்டுக் கிணறுகளும் பன்னிரண்டு பண்புகளும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் பல ஊர்களின் கிணற்று நீரில் புளோரைட்டும் கடினத்தன்மையும் கூடுதலாக இருப்பதால், அந்நீரைப் பற்றி மாணவர்கள் செய்யும் ஆய்வு ஒவ்வொன்றும் எமக்குத் தேவையானதே. ஆனால் ஒருசில கிணறுகளில் மட்டும் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் பல பண்புகளை அளந்து, அத்தரவைக் கொண்டு இணைமாறற்றிறன் தாயத்தையும் (பண்புகள் இரண்டிரண்டாக எவ்வாறு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண் அட்டவணை) அதன் நேர்மாறையும் (எண்ணொன்றுக்கு அதன் தலைகீழ் போன்றது) கணிக்கும் அறிக்கைகளைக் காணும்போது கவலை ஏற்படுகிறது.

கிணறுகள் 8, அளந்த பண்புகள் 12 என்று கொள்வோம். தாயத்துக்கு 12 நிரைகளும் 12 நிரல்களும் இருக்கும். ஆயினும் அதன் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை, 7ஐத் தாண்டாது. ஒவ்வொரு பண்பிலும் சராசரியைக் கழித்தபின் எஞ்சும் எட்டு விலகல்களின் கூட்டுத்தொகை பூச்சியம் ஆகையால், ஏழு கிணறுகளின் விலகல்கள் தெரிந்தால் எட்டாவது கிணற்றின் விலகல் தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. தாயமோ அவ்விலகல்களைக் கொண்டே அமைக்கப்படுகிறது. எனவே தாயத்தின் ஐகன் பெறுமானங்களில் (ஒவ்வொன்றும் பண்புகளின் ஒரு சேர்க்கையில், அதாவது ஒரு திசையில், தரவு எவ்வளவு மாறுபடுகிறது என்பதைச் சொல்வது) குறைந்தது ஐந்து பூச்சியமாகும்; அவற்றின் பெருக்கமான துணிகோவையும் பூச்சியமாகும்; ஆகவே நேர்மாறு இராது. ஒரு கிணறு ஏனையவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அறிய இந்தியப் புள்ளிவிபரவியலாளர் மகாலனோபிஸ் 1936இல் வரையறுத்த தூரத்தைப் பயன்படுத்துவோருக்கு இந்த நேர்மாறு இன்றியமையாதது. கணினி எண்களை மட்டந்தட்டிக் கணிப்பதால், பூச்சியம் வரவேண்டிய இடத்தில் மிகச் சிறிய எண்ணொன்று நின்று, எவ்வித எச்சரிக்கையுமின்றி ஒரு நேர்மாறு கிடைத்துவிடவும் கூடும். அதிலுள்ள எண்களை நம்பி எந்தக் கிணற்றைப் பற்றியும் முடிவு கூறலாகாது.

அந்த ஐந்து பூச்சியங்களும் எடுத்த மாதிரியின் போதாமையால் வந்தவை. ஆகவே, அத்திசைகளில் நீர் மாறுபடுவதேயில்லை என்று எழுதுவது பெரும் பிழை. வேறொரு காரணத்தாலும் தரம் குறையலாம்: மொத்தக் கடினத்தன்மையைக் கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் அளவுகளிலிருந்து கணித்துவிட்டு மூன்றையும் தனித்தனிப் பண்புகளாகச் சேர்த்தால், நூறு கிணறுகளுக்குச் சென்றாலும் தாயம் முழுத்தரம் பெறாது. அங்கே அம்மூன்றில் ஒரு பண்பை நீக்குவதே வழி.

பண்புகளுக்கிடையே இத்தகைய பிணைப்பு இல்லையெனில் 13 கிணறுகளில் பொதுவாக முழுத்தரம் கிடைத்துவிடும். ஆனால் சிறிய ஐகன் பெறுமானங்கள் அப்போதும் உண்மையிலும் மிகக் குறைவாகவே மதிப்பிடப்படும் என்பதால், நம்பத்தக்க முடிவுக்கு அதைப்போற் பல மடங்கு கிணறுகள் வேண்டும். அவ்வளவு இயலாதவிடத்து, ஆய்வாளர்களான லெடுவாவும் வுல்ஃபும் 2004இல் வெளியிட்ட சுருக்க முறையைக் கையாளலாம். அது மாதிரித் தாயத்தை அலகுத் தாயத்தின் (மூலைவிட்டத்தில் ஒன்றும் ஏனைய இடங்களில் பூச்சியமும் கொண்டது) ஒரு மடங்குடன் கலந்து நேர்மாறுள்ளதாக்குகிறது. எத்தனை கிணறுகள், எத்தனை பண்புகள் என்ற கேள்வியை, மாணவர் போத்தல்களுடன் புறப்படுவதற்கு முன்பே மேற்பார்வையாளர்கள் கேட்க வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கிளிநொச்சி.