ஏழாம் அத்தியாயத்தில் கை வைக்காதே

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். கிழக்கு வேலி அடைத்தாயிற்று. பெரியம்மா வீட்டு விசயம் அப்படியே கிடக்கிறது. மூன்று கிழமையாய் உன் போன் இல்லை, வேலையாய் இருப்பாய். இரவில் முழித்திருந்து எழுதாதே.

நாவலைச் சின்னவன் அச்செடுத்துத் தந்தான். 243 பக்கமும் இரண்டு தரம் வாசித்தேன். கண் பழுதாகப் போகிறதென்று அம்மா பேசினா. 31 வருடம் தமிழ் படிப்பித்தேன், ஒரு பிள்ளையும் இப்படி ஒரு கட்டுத் தாளை எனக்கு அனுப்பியதில்லை.

ஆனால் அப்பப்பாவுக்கு ஏன் வெள்ளையடித்திருக்கிறாய்? கள்ளுக் கணக்கில் பிணக்கு வருகிற இடத்தில், சீவ வந்தவரை அவர் 'வாருங்கோ' என்கிறார். ஐயா ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தன்னிலும் பத்து வயது மூத்த மனிதரை 'வாடா' என்றுதான் கூப்பிட்டார். அதே மனிதர் காய்ச்சலில் கிடந்தபோது மழைக்குள் பரியாரியைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் 'எழும்படா'தான். இரண்டையும் எழுது. அந்த 'டா'வை எடுத்தால் அது ஐயா இல்லை.

1960களில் இங்கே மரபுப் போராட்டம் நடந்தபோது, பேச்சுத் தமிழை இழிசனர் வழக்கு என்று தள்ளிய பண்டிதர்கள் இருந்தார்கள். மாணவனாய் நானும் கொஞ்சநாள் அவர்கள் பக்கம் நின்றவன்தான். நீ ஏன் நிற்கிறாய்? தாயின் வாயில் 'காலை உணவு' என்று வைத்திருக்கிறாய். எந்த வீட்டில் கேட்டாய்? காலமைச் சாப்பாடு, பிள்ளை.

ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் கை வைக்காதே. புருசன் பெண்சாதிச் சண்டை பெரிதில்லை, எல்லாரும் கத்துகிற கத்தல்தான். அடுத்தநாள் காலமை அவள் சுவரைப் பார்த்து 'தேத்தண்ணி இருக்கு' என்கிறாளே, அதுதான். அதுவரை 'இஞ்சாருங்கோ, தேத்தண்ணி போடட்டே' என்று கேட்டவள். கூப்பிடுகிற சொல்லும் இல்லை, போடுகிறவளும் இல்லை. தேத்தண்ணி மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

இதை எங்கே கேட்டாய்?

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த அன்று, நாவற்குழிப் பாலத்தடி. உனக்கு ஏழு வயது. சைக்கிள் பாரில் இருந்தாய், நித்திரை என்றுதான் நினைத்தேன். மழை. சனத்துக்குள் காலெடுத்து வைக்க இடமில்லை. தையல் மெசினை விட்டுவிட்டு வந்ததை அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னா. "உன்ர கொப்பன் தந்த மெசினுக்காகப் பிள்ளையைச் சாகக் குடுக்கப் போறியோ" என்றேன். அதுவரை அவவை 'நீர்' என்பதைத் தவிர நான் வேறெதுவும் சொன்னதில்லை. அவவின் தகப்பனை 'மாமா' என்று கூப்பிட்ட வாய். மனிதர் செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பயத்தில் வந்துவிட்டது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்தில் வேறு சொல்லும் வந்திருக்கலாமே.

மீசாலையில், நாங்கள் தங்கியிருந்த அந்த வகுப்பறையில், அம்மாவின் வாயில் 'சோறு இருக்கு', 'தண்ணி இருக்கு'. சித்திரையில் வீட்டுக்குத் திரும்பி, மெசின் இல்லாத மூலையைக் கூட்டி அள்ளிய பிறகுதான் 'இஞ்சாருங்கோ' என்றா. நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அங்கேயிருந்துதான் எடுத்தாய் என்றால் சரி, பழி என்னோடு போகட்டும். முந்திப் போனில் 'இவர் இப்பதான் வந்தவர்' என்பாய். பொங்கலன்று 'அவர்' என்றாய், இரண்டு தரம். வாத்தியார் காது, விடு.

அம்மாவுக்கு ஆறாம் அத்தியாயம் வரை வாசித்துக் காட்டிவிட்டேன். ஏழு எங்கே என்று நேற்றுக் கேட்டா. தாள் மாறிக் கிடக்கிறது என்றேன்.

குளிருக்குக் காதை மூடு. இரவில் முழித்திருக்காதே. ஞாயிறு போன் எடு. அவர் பக்கத்தில் நின்றால் குடு. நிற்காவிட்டாலும் எடு.

அப்பா