கேஜன் பீன்ஸ் சூப்பில் விடுபட்ட ஒரு கொதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் மக்களின் பாணியிலான பீன்ஸ் சூப் செய்முறையில், இரவு ஊறவைத்த ராஜ்மாவைக் காலையில் ஸ்லோ குக்கரில் அப்படியே போட்டு மாலைவரை விட்டுவிடலாம் என்றிருந்தது. இதைப் படித்து யாரும் அவ்வாறு செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். சிவப்பு ராஜ்மாவில் இயல்பாகவே உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம், நன்கு கொதித்தால்தான் செயலிழக்கும். ஸ்லோ குக்கரின் சூடு பெரும்பாலும் கொதிநிலையை எட்டாததால், பயறு மிருதுவாகி வெந்ததுபோல் தெரிந்தாலும் நஞ்சு எஞ்சியிருக்கும். சரியாக வேகாத நாலைந்து பயறே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கிவிடும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே தணலைக் குறைக்க வேண்டும். நான் அரைமணி நேரம் விடுவது வழக்கம். பிரஷர் குக்கரில் வேகவைப்போருக்கு இந்தக் கவலையில்லை.

மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டால் கேஜன் சுவை வந்துவிடும் என்ற தொனியும் எனக்கு உடன்பாடில்லை. 1755 முதல் ஆங்கிலேயரால் அகேடியாவிலிருந்து (இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதி) விரட்டப்பட்டு, தெற்கு லூசியானாவில் குடியேறிய பிரெஞ்சு மொழியினரின் வழிவந்தவர்களே கேஜன் மக்கள். வெங்காயம், செலரி, குடைமிளகாய் ஆகிய மூன்றையும் அவர்கள் ஊரில் 'பரிசுத்த திரித்துவம்' (பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரைக் குறிக்கும் கிறிஸ்தவச் சொல்) என்றே சொல்வார்கள். கத்தோலிக்கர்கள் அல்லவா! தங்கள் செய்முறையிலோ செலரியே இல்லை. ஒரு கப் பயறுக்கு ஒரு பெரிய வெங்காயம், அதில் பாதியளவு மற்ற இரண்டும் எடுத்துப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் நிதானமாக வதக்கி, நான்கு பல் பூண்டும் சிறிது தைம் என்னும் மூலிகை இலையும் சேர்த்தாலே வாசனை வந்துவிடும். அங்கே புகையூட்டிய பன்றி இறைச்சி தரும் மணத்தை, சைவத்தில் ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டிய மிளகாய்த்தூள்) ஓரளவு ஈடுசெய்யும். நம் பிரிஞ்சி இலை அவர்கள் இடும் பே இலை அன்று; அதன் லவங்கப்பட்டை வாசனை சூப்பைப் பிரியாணிப் பக்கம் இழுத்துவிடும். சூப் கெட்டிப்பட சோளமாவும் தேவையில்லை. வெந்த பயறில் கால்பங்கைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் மசித்தாலே போதும். தக்காளியோ வினிகர் கலந்த மிளகாய்ச் சாஸோ சேர்ப்பதானால், புளிப்பு பயறை வேகவிடாது என்பதால், கடைசியில் சேர்ப்பது நல்லது.

மற்றவை சுவை பற்றியவை, வேண்டுமானால் விட்டுவிடுங்கள். கொதிக்கவைப்பது பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த இதழில் தவறாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, கோவை