மிடில்டன்காரர்களுக்கு நன்றி, அந்தக் கொட்டகைப் பெரியவருக்குத் தனியாக ஒன்று

எல்லாருக்கும் வணக்கம். அயர்லாந்தில் கார்க் மாவட்டத்து மிடில்டன் ஊரில், வெள்ளம் புகுந்த எங்கள் வீடு காய்ந்துவிட்டது. போன் பண்ணுகிற எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே இன்னும் தரை போடவில்லை, சுவரெல்லாம் இடுப்புயரத்துக்கு உரித்துக் கிடக்கிறது, ஆனால் அடுப்பு வந்துவிட்டது, நேற்று ரசம் வைத்தேன். பாபெட் புயலன்று நடந்ததை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆறு மெயின் ஸ்ட்ரீட்டுக்குள் வந்த படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

உதவிக்கு வந்த ஊர் ஹர்லிங் விளையாட்டுக் கிளப்புக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தாயிற்று. அது மரியாதைக்கு. மனதில் இருப்பது முழுசாகத் தமிழில்தான் வரும், அதனால் இது.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. முதல் ராத்திரி எங்களைத் தங்க வைத்த குடும்பத்துக்கு, கார்க்கிலிருந்து இட்லி மாவும் பையனுக்கு ஸ்வெட்டரும் கொண்டு வந்த தமிழ் நண்பர்களுக்கு, கேட்காமலே என் ஷிப்டை மாற்றிக்கொண்ட சக நர்ஸ்களுக்கு, எதிர்வீட்டு அம்மாவுக்கு, ஈரக் கம்பளத்தை வெட்டிச் சுருட்டி வெளியே இழுத்துப் போட்ட கிளப் பையன்களுக்கு. அந்தப் பையன்களில் யார் சீனியர் அணி, யார் ஜூனியர் என்று எனக்குத் தெரியாது. எல்லார் மேலும் ஒரே சேறு. அதே மாதம்தான் மிடில்டன் அணி கவுண்டி, அதாவது மாவட்ட, இறுதிப் போட்டியில் சார்ஸ்ஃபீல்ட்ஸ் கிளப்பிடம் தோற்றிருந்தது. ஊரே துக்க வீடு மாதிரி இருந்த நேரம். அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, வேலையைப் பார்த்தார்கள்.

இனி அந்தப் பெரியவர் விஷயம்.

என் பையன் கிளப்பில் ஒன்பது வயதுக்குட்பட்ட அணியில் ஹர்லிங் ஆடுகிறான். தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு மரமட்டை, தோல் தைத்த சின்னப் பந்து, அணிக்குப் பதினைந்து பேர், பந்து காற்றில் பறக்கும்போதே அடிப்பார்கள். என் அப்பா கோவில்பட்டிக்காரர், ஹாக்கி பார்த்தே வளர்ந்தவர். இங்கே வந்திருந்தபோது முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "மட்டையைத் தலைக்கு மேல தூக்குறான், ரெஃப்ரி விசில் ஊத மாட்டேங்கிறானே!" என்று கத்தினார். ரெண்டாவது வாரம் கோட்டோரம் நின்று பேரனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஊருக்குக் கிளம்பும் முன் பேரனின் மட்டையில் மார்க்கர் பேனாவால் அவன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். கோணல்மாணலான எழுத்துதான், ஆனால் அவனுக்கு அது ஏதோ கேடயம் கிடைத்த மாதிரி.

அந்த மட்டை ரெண்டு நாள் சாக்கடை கலந்த தண்ணீரில் கிடந்தது. வெள்ளத்தில் நனைந்த எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லாரும் சொல்ல, தெருவில் வைத்திருந்த பெரிய இரும்புத் தொட்டியில் சோபாவோடு சோபாவாக அதுவும் போயிற்று. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சத்தம் போட்டு அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

ரெண்டு வாரமிருக்கும், மழைக்கோட்டு போட்ட ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய மட்டை. கம்பளம் தூக்க வந்தவர்களோடு அவரும் வந்திருக்கிறார், தொட்டியில் அதைப் பார்த்து எடுத்துப் போயிருக்கிறார். எனக்கு அவர் முகமே நினைவில்லை. நன்றாகக் கழுவி, கணப்புப் பக்கமே கொண்டு போகாமல் கொட்டகையில் நிழலில் போட்டு, மெதுவாக உலர வைத்திருக்கிறார். அவசரப்பட்டுச் சூட்டில் காய வைத்தால் மரம் வெடித்துவிடுமாம். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவி, அடிப்பக்கம் துருப்பிடித்த தகரப் பட்டியைக் கழற்றிப் புதுப்பட்டி அடித்து, பிடிக்கு நீல நிறத்தில் புதுக் கிரிப் சுற்றியிருந்தார்.

மட்டை முழுக்க வெளுத்துப் புதுசு மாதிரி இருக்க, ஒரு இடம் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கறுத்தே இருந்தது. பெயர் இருந்த இடம். அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்னவென்று தெரியவில்லை, யாரோ அக்கறையாக எழுதியிருக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை" என்றார். பட்டியையும் வழக்கமான இடத்தில் அடித்தால் கடைசி எழுத்து மறையும் என்று கொஞ்சம் கீழே தள்ளி அடித்திருந்தார்.

புது மட்டை வாங்குவது பெரிய செலவில்லை, நாங்களே வாங்கியிருப்போம். காப்பீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுச் சாமானை எல்லாம் ஒரு படிவத்தில் வரிசையாக எழுதச் சொன்னார்கள். இதை எந்தக் கட்டத்தில் எழுத?

அடுத்த ஞாயிறு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு அவர் கொட்டகைக்குப் போனோம். சுவர் பூராவும் மட்டைகள். கிளப் பிள்ளைகளுடையதை உடைய உடையச் சரி செய்து கொடுப்பது அவர் வேலை, சம்பளம் கிடையாது. அந்தக் கிளப்பில் யாருக்குமே கிடையாது. கார்க் மாவட்ட அணிக்கு ஆடிய கானர் லெஹேன் மாதிரி ஆட்களும் காசு வாங்காமல்தான் ஆடுகிறார்கள். ஆஷ் மரத்தின் வேரை ஒட்டிய அடிப்பகுதியில் ரேகை இயல்பாகவே வளையும், அந்த வளைவை வைத்துத்தான் மட்டை அறுப்பார்கள் என்று பையனுக்குக் காட்டினார். 2012-இல் அயர்லாந்துக்குள் வந்த ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறதாம். நல்ல மரத்தைத் தொட்டியில் பார்த்தால் கை சும்மா இருக்காது என்றார்.

அப்புறம் கதை ஆரம்பித்தது. மனுஷருக்கு ஒரு வாய் டீ போதும். 1916-இல் கவுண்டி கோப்பையை வென்ற மிடில்டன், அடுத்ததை வெல்ல 1983 வரை காத்திருந்ததாம். யோசித்துப் பாருங்கள், 67 வருஷம்! ஜெயிப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே செத்துப் போன அப்பாக்கள் எத்தனை பேரோ. அந்தக் காலத்தில் கோப்பை வென்ற கிளப்புக்குத்தான் அடுத்த வருஷம் கார்க் மாவட்ட அணிக்குக் கேப்டனைத் தரும் உரிமை இருந்தது. அப்படித்தான் ஜான் ஃபென்டன் 1984-இல் கேப்டனானார். அது ஹர்லிங்கை நடத்தும் ஜிஏஏ சங்கம் தொடங்கி நூறாவது வருஷம் என்பதால் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியை அந்தச் சங்கம் பிறந்த தர்ல்ஸ் ஊரிலேயே நடத்தினார்கள். ஆஃபலி மாவட்ட அணியைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியவர் மிடில்டன்காரர். 1987-இல் லிமரிக்குக்கு எதிராகத் தரையோடு உருண்ட பந்தை ஏறக்குறைய 45 கெஜத்திலிருந்து அவர் அடித்த கோல் இன்னும் டிவியில் வருகிறது. பெரியவர் அதைக் கையிலிருந்த சுத்தியலால் அடித்தே காட்டினார், நல்லவேளை எதிரே யாரும் இல்லை. 1988-இல் ஏதன்ரி கிளப்பை வென்று மிடில்டனுக்கு அகில அயர்லாந்து கிளப் கோப்பை. கவுண்டி கோப்பை 1991-க்குப் பிறகு 2013-இல்தான், அப்புறம் 2021.

மைதானத்தின் பெயர் குளோன்மல்ட் நினைவு மைதானம். வருஷக்கணக்காகப் பையனைக் கொண்டுபோய் விட்டும் அது யார் நினைவு என்று நான் கேட்டதில்லை. 1921 பிப்ரவரியில், பக்கத்துக் குளோன்மல்ட் கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்த அயர்லாந்து விடுதலைப் போராளிகளை பிரிட்டிஷ் ராணுவம் சுற்றி வளைத்துப் பன்னிரண்டு பேரைக் கொன்றது. பலரும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பையன்கள். கதையை அதோடு நிறுத்திவிட்டு அடுத்த மட்டையை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தும் இதே யோசனைதான். இந்த விளையாட்டில் நீ எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊர்க் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும், காசு கொடுத்து ஆள் பிடிக்க முடியாது. உள்ளூர்க்காரர்களுக்கு அது கட்டுப்பாடு. எங்களை மாதிரி வந்து குடியேறியவர்களுக்கு அது வேறு மாதிரி. இங்கே வாடகைக்கு வீடெடுத்த அன்றே, கேட்காமலே, ஒரு அணி நம்முடையதாகிவிடுகிறது. எனக்கு இத்தனை நாள் அது பையனின் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு மட்டும்தான். அவனை இறக்கிவிட்டு சூப்பர்மார்க்கெட் போய்விடுவேன்.

இனி போக மாட்டேன். ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியின் சட்டைகளைத் துவைக்கும் பொறுப்பை எடுத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைச் சட்டை, வெந்நீரில் போட்டால் வெள்ளை சாம்பலாகிவிடும் என்று மூன்று அம்மாக்கள் தனித்தனியாக எச்சரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கோடு போடும் வண்டியைத் தள்ளக் கற்றுக்கொள்கிறார். அவர் போட்ட கோட்டைப் பார்த்து பந்தே குழம்பும், பழகிவிடுவார். அப்பாவிடம் வீடியோ காலில் மட்டையைக் காட்டினோம். அவர் கேட்டது ஒன்றுதான், அந்தப் பெரியவருக்குக் கடலைமிட்டாய் பிடிக்குமா என்று. பார்சல் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி. எங்கள் வீட்டில் ரெண்டு ஈரம் உறிஞ்சும் மெஷின், சிவப்புப் பிடி போட்ட ஒரு மண்வாரி, யாருடையதென்று தெரியாத அஞ்சு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருக்கின்றன. அதில் ஒரு ஜோடி ரொம்பப் பெரிசு, நிச்சயம் யாரோ ஃபுல்பேக்குடையது (கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஆட்டக்காரர்). சனிக்கிழமை பயிற்சிக்கு எல்லாவற்றையும் காரில் போட்டுக் கொண்டு வருகிறேன், உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.