பாப்பா, யூரியாவைத் தொடாதே

அன்பு பாப்பா,

புது வீட்டுக்குப் பியோனிப் பூச்செடியையும் தோண்டி எடுத்துப் போகிறேன், குழியில் போட யூரியா வாங்கிவிட்டேன் என்று நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் எழுதுகிறேன். யூரியாவைத் தொடாதே, பாப்பா.

இங்கே பினாங்கில் செடிக்கு ஓய்வே கிடையாது. உன் இங்கிலாந்தில் இப்போது இலையுதிர்காலம். இலை வாடும்போதே செடி சத்தைக் கீழே இறக்கிவிடும். காற்று குளிர்ந்தாலும் மண்ணில் இன்னும் சூடு இருக்கும், வேர் பிடிக்க அது போதும். யூரியா என்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இந்த நேரத்தில் அதைக் கொடுத்தால் சில செடிகள் துளிர்விட்டு உறைபனியில் கருகும். பியோனி துளிர்க்காமல் படுத்துவிட்டாலும், குளிர்கால மழை உரத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அறுபட்ட வேரில் உரத்தின் உப்பு பட்டாலும் கெடுதல்தான். ஆயர் ஈத்தாம் வீட்டை விட்டு வந்தபோது அம்மாவின் மல்லிகையைப் பெயர்த்து நட்டேன். சீக்கிரம் தழையட்டும் என்று குழியில் இரண்டு கைப்பிடி உரம் போட்டேன். ஒரே வாரத்தில் இலையெல்லாம் ஓரம் கருகிச் செத்துவிட்டது. அது அவள் பதினொரு வருஷம் வளர்த்த கொடி.

இங்கே தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நடும்போது குழியில் பாஸ்பேட் தூள்தான் போடுவோம், கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வரும் பாறைத்தூள். அதில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது, அதனால் வேர் பக்கத்திலேயே வைக்க வேண்டும். உங்கள் ஊரில் அதற்கு எலும்புத்தூள் கிடைக்கும். ஆனால் பல வருஷம் செடி வளர்த்த மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே இருக்கும். மண்ணைச் சோதித்துப் பார், குறைந்தால் மட்டும் போடு. நன்றாக மக்கிய கம்போஸ்டை மண்ணோடு கலந்தாலே எனக்குத் திருப்தி. மற்ற உரமெல்லாம் வசந்தத்தில், சிவப்பு முளை தலைகாட்டிய அப்புறம், தண்டை விட்டுத் தள்ளிக் கொஞ்சமாகத் தூவு.

உரத்தை விட முக்கியம் ஆழம். கிழங்கின் மேலிருக்கும் சிவப்பு முளைக் கண்கள் மண்ணுக்குள் 2 அங்குலத்தை விட ஆழமாகப் போனால் செடி தழைக்கும், பூக்காது. நட்டதும் நன்றாகத் தண்ணீர் ஊற்று. முதல் வருஷம் பூக்காவிட்டால் மறுபடி தோண்டிப் பார்க்காதே, பியோனி இடம் மாறினால் ஓரிரு வருஷம் எடுத்துக்கொள்ளும்.

மண் மூடுவதற்கு முன் ஒரு படம் அனுப்பு. ஆழம் தெரியும்படி பக்கத்தில் உன் விரலை வைத்து எடு, நானும் அம்மாவும் பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
அப்பா